ஏழு மணிக்கு மேல் யார் ஓட்டுவது?

அடுத்த வாரம் நீங்கள் வண்டி பார்க்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நம் லைன் உதவிக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஆறு பேரும் போகிறீர்களாம். வாட்ஸாப்பில் படமும் வந்தது. சாம்பல் பச்சை நிறம், மேலே தார்ப்பாய்க் கூரை, பின்னால் தொங்கும் ஸ்டெப்னி. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். நாங்கள் வாங்கிய ஜீப்பைவிட அது பழையது. படத்துக்குக் கீழே உங்களில் ஒருவர் 'செம கெத்து' என்று எழுதியிருந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் நினைத்தேன். எழுதவில்லை, அவ்வளவுதான்.

போன மாதத்தோடு நான் குழுவின் வண்டிப் பொறுப்பை விட்டுவிட்டேன். ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொள்ள முப்பத்து மூன்று வயது போதாது. ஆனாலும் களைப்பாக இருக்கிறது. விடிவதற்குள் ரயிலைப் பிடித்து பெங்களூரு போய், ஒரு நாள் முழுக்க நின்று வேலை செய்து, பெட்டி வாசலில் கம்பியைப் பிடித்தபடியே தூங்கித் திரும்பி வருகிறவன், மிச்சமிருந்த நேரத்தில் செய்த வேலை இது. உங்களில் நாலு பேருக்கும் அதே ரயில்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். எஞ்சின், சேஸி, துரு பற்றியெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. போனில் எல்லாம் கிடைக்கிறது. போனில் கிடைக்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மனிதரின் பேச்சு செலவாயிற்று.

உங்களில் இரண்டு பேர் பக்கத்து ஊரிகத்துக்காரர்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் ஸ்கெலட்டன் லைன்களை அடைமழையில் பார்த்திருக்க மாட்டீர்கள். சுரங்கம் ஓடிய காலத்தில் பாறையை அரைத்து, சயனைடு ஊற்றித் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மீதித் தூளைக் கொட்டிக் கொட்டி மலையாக்கினார்களே, சயனைடு மேடு, அது எங்களுக்கு அடுத்த வீடு மாதிரி. மழை வலுத்தால் அந்தத் தூள் கரைந்து இறங்கி, லைனுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் வந்து நிற்கும். முழங்கால் ஆழம், தோசை மாவுப் பதம். லைனிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் மழைநாளில் அந்தப் பள்ளத்தில் ஆட்டோ இறங்காது, ஆம்புலன்ஸ் இறங்காது. ஆம்புலன்ஸ்காரர்கள்மேல் எனக்குக் குறையில்லை. மெயின் ரோடு வரைக்கும் சீக்கிரமாகவே வந்துவிடுவார்கள். அங்கிருந்து நோயாளி வரைக்கும் உள்ள தூரம் எங்களுடையது.

வண்டி வாங்குவதற்கு முந்தைய வருஷம் ஒரு பிரசவக் கேஸைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டினோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தோள் கொடுக்கப் பதினைந்து ஆம்பிளைகள் இருந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். 'ஞாயிற்றுக்கிழமை என்பதால்' என்று சொன்னேன் பாருங்கள், அந்த வார்த்தையை அன்றைக்கே நான் நின்று கவனித்திருக்க வேண்டும்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை விகாரையில் கூட்டம் போட்டோம். சேற்றைத் தாண்ட நமக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்று முடிவானது. "நீ படிச்சவன்பா, நீயே பாரு" என்று என்னைக் காட்டினார்கள். என் அப்பா தரைக்கு அடியில் கல்லுப்பெட்டி தள்ளினவர். அம்மாவுக்குக் கையெழுத்து வராது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டின முதல் ஆள் நான், அதற்கு மேல் ஆட்டோமொபைல் டிப்ளமோ. 'படிச்சவன்' என்று நாலு பேர் முன்னால் சொன்னால் அப்போதெல்லாம் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தேன். ஓசூர், கோலார், முல்பாகல். கையில் ஒரு தாள் வைத்திருந்தேன். அதில் பதினோரு கேள்விகள். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் எவ்வளவு இடைவெளி, நாலு சக்கரமும் இழுக்குமா, நடுவழியில் நின்றால் சாதாரண ஸ்பேனரோடு வருகிற மெக்கானிக் சரி செய்வானா, பேட்டரி செத்தாலும் தள்ளி எடுக்க முடியுமா என்று. நல்ல கேள்விகள்தான். இன்றைக்கும் அதில் ஒன்றைக்கூட அடிக்க மாட்டேன். இரண்டு வேன்களை அந்தத் தாளை வைத்தே தள்ளினேன். அவை எங்கள் பள்ளத்தில் படுத்துவிடும். கடைசியில் முல்பாகலில் ஒரு கல்குவாரிக்காரர் ஓரம் கட்டியிருந்த டீசல் ஜீப் கிடைத்தது. அதற்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. உள்ளே கம்ப்யூட்டர் சமாச்சாரம் எதுவும் இல்லை. இரும்பு, ரப்பர், டீசல். பதினோரு கேள்விக்கும் அது சரியென்றது.

வண்டி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். விகாரை வாசலில் பஞ்சசீலக் கொடி கட்டி, ரத்தினம் அண்ணன் சரணம் சொல்ல எல்லோரும் கூடச் சொன்னோம். பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கிற செட்டியார் நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தார். யாரோ முணுமுணுத்தார்கள். ரத்தினம் அண்ணன்தான், "உடுங்கப்பா, புத்தருக்கும் எலுமிச்சங்காய்க்கும் இன்னா சண்ட?" என்றார்.

ரத்தினம் அண்ணனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். இப்போது அவரைப் பார்க்கிறவர்களுக்கு அந்த ஆள் தெரியாது. ஆண்டர்சன்பேட்டையில் சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். நல்ல கனமான உடம்பு, அதைவிடக் கனமான குரல். ஜீப்பின் பின்பக்கம் ஸ்ட்ரெச்சர் உட்காருகிற இரும்புச் சட்டத்தை அவர்தான் பற்றவைத்தார். வேலை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் ஏறி அதில் நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"யண்ணா, எறங்குங்கண்ணா, அபசகுனமா" என்றான் எங்களில் ஒருவன்.

"இன்னா அபசகுனம்? படுத்துப் பாத்தாதான தெரியும்? தலமாட்டுல ஒரு கம்பி குத்துது பாரு. இத்த யாரு சொல்லுவா உனுக்கு, பேஷண்டா சொல்லுவான்?"

இறங்கி வந்து அந்தக் கம்பியை அரத்தால் ராவினார்.

அதற்குப் பிறகு யசோதா அக்கா டிரைவர் சீட்டில் ஏறினார். அக்கா ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டால் மாலை வரைக்கும் லைனில்தான் இருப்பார். ஆள் குள்ளம், ஐந்தடிக்குக் குறைவு. ஸ்டீரிங்குக்கு மேலே அவருடைய நெற்றி மட்டும்தான் தெரிந்தது. கூட்டத்தில் சிரிப்பு.

"தம்பி, சீட்டு முன்னாடி வராதா?"

"வராதுக்கா. தரையோட போல்ட் போட்டது."

"கிளச்சு எட்டல. நுனிக்கால்தான் படுது. அத்த வச்சினு இத்த மிதிக்க முடியாது."

"நீங்க ஓட்ற மாதிரி வராதுக்கா. நாங்க எட்டு பேர் கீறோம்ல."

வண்டி ஓட்ட லைசென்ஸ் வைத்திருந்த எங்கள் எட்டுப் பேரையும் அக்கா ஒருமுறை பார்த்தார். "எட்டு பேரும் ஞாயித்துக்கெழமை கீறீங்க" என்று சொல்லிவிட்டுக் குதித்து இறங்கினார்.

ஜோக் என்று நினைத்தோம். ரத்தினம் அண்ணன்தான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். "நீ போயி உன் ஸ்கூல் புள்ளைங்கள ஏத்திகினு போம்மா" என்றார். நானும் சிரித்தேன்.

இந்தத் தவறு எப்படி நடந்தது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். முட்டாள்தனத்தால் நடக்கவில்லை. கூட்டம் போட்டது ஞாயிறு, வண்டி பார்த்தது ஞாயிறு, ஓட்டிப் பழகியது ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் எந்தத் தெருவில் கல்லெறிந்தாலும் லைசென்ஸ் வைத்திருக்கிற ஒரு வாலிபன்மேல் விழும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மேல் அதே தெருவில் பெண்கள், பிள்ளைகள், நெஞ்சில் தூசியோடு இருமுகிற பென்ஷன்காரர்கள். மற்ற எல்லோரும் மாலூர் தாண்டி ரயிலில் தொங்கிக்கொண்டிருப்போம். வாரத்தில் ஆறு நாள் இருக்கிற ஊரை நாங்கள் எட்டுப் பேரும் பார்த்ததே இல்லை. பார்க்க முடியாது, நாங்கள்தான் அதில் இல்லையே. நாங்கள் பார்த்த ஒரு நாள் ஊருக்காக வண்டி வாங்கினோம்.

முதல் மழைக்காலம் எங்களுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. பாலகாட் சுரங்கத்துப் பக்கம் சேற்றில் புதைந்த டெம்போ ஒன்றைக் கயிறு கட்டி இழுத்தோம். காய்ச்சலில் கிடந்த ஒரு பெரியம்மாவை மாலை ரயில் வந்த கையோடு பள்ளத்தைத் தாண்டிக் கொண்டுபோனோம். சாவிக்கு எங்களுக்குள் போட்டி. எல்லாமே ரயில் திரும்பிய பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ நடந்தவை என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

அப்புறம் அந்தப் புதன்கிழமை வந்தது.

இரண்டு நாளாக விடாத மழை. காலை ஒன்பது மணி இருக்கும். நான் பெங்களூரு தொழிற்சாலையில் வேலையில் நிற்கிறேன். யசோதா அக்கா போன்.

"தம்பி, ரத்தினம் அண்ணன் உழுந்துட்டாரு. வாய் ஒரு பக்கமா இழுக்குது. வலது கை தூக்க மாட்றாரு. பேச்சு வரல."

"ஆம்புலன்ஸுக்குச் சொன்னீங்களா அக்கா?"

"மெயின் ரோட்ல வந்து நிக்குது. பள்ளத்துல எறக்க முடியாதுன்றாங்க, அவங்க சொல்றதும் கரெக்ட்டுதான். தூக்கினு போலாம்னா ஆளு இன்னா கனம், நாங்க நாலு பொம்பளைங்க. கெழவனுங்க பத்தடி நடந்தா குந்திக்கறாங்க. ஜீப்பு கீது, சாவி கீது. நான் எடுக்கட்டா?"

இந்த இடத்தில் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். இந்த வேலையில் உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு கேள்வி வரும்; பதில் சொல்ல ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும்.

எனக்கு முன்னால் வந்து நின்றது அந்த ஞாயிற்றுக்கிழமைக் காட்சிதான். ஸ்டீரிங்குக்கு மேலே தெரிந்த நெற்றி, எட்டாத கால். பள்ளத்தின் நடுவில் கிளச்சை முழுக்க மிதிக்க முடியாமல் வண்டி துள்ளிக் கவிழ்ந்தால்? ஒருவருக்குப் பதில் ஐந்து பேர் போவார்கள். "வேணாக்கா. தொடாதீங்க. நான் ஆள் அனுப்பறேன்" என்றேன்.

எங்கள் எட்டுப் பேரில் ஒருவன் அன்று லீவு போட்டுவிட்டு பங்காருப்பேட்டையில் மாமியார் வீட்டில் இருந்தான். அவனுக்குப் போன் போட்டேன். "இருவது நிமிஷம் மச்சான், வந்துட்டேன்" என்றான். அக்காவிடம் இருபது நிமிஷம் என்று சொன்னேன். சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஏதோ ஒரு முடிவு எடுத்துவிட்டோம் என்கிற நிம்மதி அது. அதற்கும் ரத்தினம் அண்ணனின் உடம்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அவன் பைக்கில் கிளம்பினான். வழியில் ரயில்வே பாலத்துக்கு அடியில் இடுப்பளவு தண்ணீர். திரும்பி வேறு வழியாகச் சுற்றினான். இருபது நிமிஷம் முப்பதாயிற்று, முப்பத்தைந்தாயிற்று. மறுபடியும் அக்கா.

"இன்னும் வரல."

"வந்துகினே கீறான்கா. இதோ அஞ்சு நிமிஷம்."

மழைச்சத்தத்தை மீறி அக்கா கேட்டார்.

"நீ எங்க கீற தம்பி?"

"கம்பெனிலக்கா."

"நான் எங்க கீறேன்?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்.

"நான் இங்க கீறேன். அண்ணன் மூஞ்சியப் பாத்துகினு கீறேன். போன அண்ணி கைல குடுக்கறேன். நீ கேக்கறதுன்னா கேட்டுகினு இரு, பேசாத."

அதற்கு மேல் நடந்ததை நான் காதால் மட்டும்தான் பார்த்தேன். மீதியைப் பின்னால் அண்ணி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அண்ணனைப் போர்வையில் போட்டு நாலு பெண்கள் இழுத்தும் தூக்கியும் ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள், அவர் செய்த அதே சட்டத்தில். அக்கா முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து முன்னால் தள்ளி உட்கார்ந்தார். பிரேக் எட்டியது, ஆக்ஸிலேட்டர் எட்டியது. கிளச் எட்டியது, ஆனால் கடைசி வரை அழுந்தவில்லை. அப்போது எதிர்வீட்டுப் பெல்காரர் குடையோடு வந்தார்.

பெல்காரர் என்றால் சுரங்கத்தில் கேஜுக்குப் பெல் அடித்தவர். ஆட்களை ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியில் இறக்கி ஏற்றுகிற கூண்டுதான் கேஜ். அதை இழுக்கிற எஞ்சின் மேலே, தரையில் ஒரு தனி அறையில் இருக்கும். எஞ்சின்காரருக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. கீழே கேஜ் பக்கத்தில் நிற்கிறவர் அடிக்கிற பெல்தான் அவருக்குக் கண். ஒரு அடி என்றால் நிறுத்து. இரண்டு அடி என்றால் விடு. எங்கள் லைன் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினாலும் இதுதான் சட்டம். தகரத்தில் ஒரு தட்டு கேட்டால் ஓடுகிறவன் அப்படியே நிற்க வேண்டும்.

பெல்காரருக்குக் காது பாதி போய்விட்டது, நுரையீரல் முக்கால் போய்விட்டது. கால் மட்டும் நீளம். முன்சீட்டில் அக்காவுக்கு இடப்பக்கம், கியர் கம்பிக்கு இரண்டு புறமும் கால் போட்டு நெருக்கி உட்கார்ந்து, வலது காலைக் கிளச்மேல் வைத்தார்.

"எனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது யசோதா. மிதிக்கத் தெரியும். நீ பெல் குடு."

"காது கேக்காதே மாமா உங்குளுக்கு!"

"கை கேக்கும்." டாஷ்போர்டு இரும்பில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டார். அதில் அக்கா ஒரு தட்டுத் தட்டினால் கிளச்சை மிதிப்பார், இரண்டு தட்டினால் விடுவார்.

போனில் எனக்குக் கேட்டது இதுதான். எஞ்சின் பிடித்த சத்தம். இரும்பில் இரண்டு தட்டு. எஞ்சின் குரல் கனத்து இறங்கியது. அண்ணி "புத்தா, புத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் ஒரே கியரில் முக்கிக்கொண்டு போனது வண்டி. பிறகு ஒரு தட்டு. நின்றது. நான் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பள்ளத்தின் நடுவில் நின்றுவிட்டது என்று நினைத்தேன். வழி பார்ப்பதற்காக அக்கா நிறுத்தியிருக்கிறார். மறுபடியும் இரண்டு தட்டு. சேறு அடியில் அறைகிற சத்தம். அப்புறம் திடீரென்று எஞ்சின் லேசானது. "ஆய்த்து, ஆய்த்து" என்று அக்கா கத்தியது கேட்டது. மெயின் ரோடு.

பள்ளத்தைத் தாண்ட ஆன நேரம் ஏழு நிமிஷம்கூட இருக்காது. நான் நிறுத்திவைத்தது முப்பத்தைந்து நிமிஷம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அண்ணியிடம் இரண்டே கேள்வி கேட்டாராம். எப்போது விழுந்தார், எப்போது கிளம்பினீர்கள். அண்ணி சொன்னதை எழுதிக்கொண்டு பேனாவை மூடிவிட்டார். முன்னதாகவே போயிருந்தால் பேச்சு தங்கியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள யாரிடமும் கேட்கவும் இல்லை. உயிர் தங்கியது. வலது பக்கம் போயிற்று, குரல் போயிற்று. விகாரையில் இப்போது சரணம் சொல்வது வேறு ஆள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பெல்காரர் வீட்டுக்குப் போனேன். மழையில் நனைந்ததில் இருமல் அதிகமாகிப் படுத்திருந்தார்.

"வா நைனா. மேனேஜர் வந்துட்டாரு, சேர் எடுத்துப் போடுங்க."

நின்றுகொண்டே இருந்தேன்.

"கேஜ் கீழ கீது. ஆளும் கீழ கீறான். பெல்லு யாரு கைல இருக்கணும்?"

"கீழ இருக்கறவர் கைல மாமா."

"எஞ்சின் ரூமுல குந்திகினு கீறவன் பெல் அடிச்சா இன்னா ஆவும்?"

பதில் சொல்வதற்குள் இருமல் வந்துவிட்டது அவருக்கு. அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நேத்து நீ அடிச்ச" என்றார்.

யசோதா அக்கா திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "சீட்ட எப்ப மாத்துவ?" என்று மட்டும் கேட்டார்.

சீட்டை முன்னும் பின்னும் நகரவைக்க வெல்டிங் வேலை உண்டு. இந்த மாதிரி வேலைக்கு எங்களிடம் ஒரே ஆள்தான்; அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வேறு பட்டறைக்கு ஜீப்பைக் கொண்டுபோனேன். அந்த ஆள் பின்பக்கத்து ஸ்ட்ரெச்சர் சட்டத்தைத் தடவிப் பார்த்து, "இத்த யாரு பண்ணது? நல்ல கையி" என்றான். நான் வெளியே வந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சீட்டு நகர்ந்தது. கிளச்சையும் இளக்கினோம். டிரைவர் பட்டியலிலிருந்து எங்கள் எட்டுப் பேரையும் பகல் நேரத்துக்கு அடித்துவிட்டு, யசோதா அக்கா, அங்கன்வாடியில் வேலை செய்கிற ஒருவர், இட்லிக்கடைக்காரர் என்று மூன்று பெண்களின் பெயரை எழுதினோம். மற்ற இருவருக்கும் அக்காவே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கூட்டத்தைப் புதன்கிழமை மத்தியானத்துக்கு மாற்றினோம். எங்களால் வர முடியாத நேரம் அது. முதலில் எங்கள் பையன்களுக்குக் கோபம். 'வண்டி வாங்க அலைஞ்சது நாம, முடிவு எடுக்கறது அவங்களா' என்று ரயிலில் பேச்சு. நான் வாதாடவில்லை. அன்றைக்குப் பங்காருப்பேட்டையிலிருந்து கிளம்பினவன்தான், தண்ணீரில் பைக்கைத் திருப்பின அன்றைய கதையை ஒருமுறை சொன்னான். பேச்சு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு பகல் நேரத்தில் மூன்று தடவை ஜீப் பள்ளத்தைத் தாண்டியிருக்கிறது. மூன்று தடவையும் எனக்குச் செய்தி வந்தது எல்லாம் முடிந்த பிறகு. அப்படித்தான் வர வேண்டும். பெல்காரர் மறுவருஷம் போய்விட்டார். கடைசியில் மூச்சுக்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அந்த ஏழு நிமிஷத்தைப் பற்றிப் பெருமையாகப் பேச மாட்டார்கள்.

இப்போது ஜீப்பின் தரை துருவில் ஓட்டை விழுந்துவிட்டது, அதனால் நீங்கள் வேறு வண்டி பார்க்கிறீர்கள். பழைய, முரட்டு வண்டிதான் நமக்குச் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பளபளவென்று ஒன்றை வாங்கிப் பள்ளத்தில் புதைக்காதீர்கள். என் பழைய தாள் வேண்டுமென்றால் தருகிறேன். பன்னிரண்டாவதாக ஒரு கேள்வியை அதன் அடியில் எழுதியிருக்கிறேன். இந்தக் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்திருப்பது அதுதான்.

ரத்தினம் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒரு மாதம் வரை நான் அவர் எதிரில் போகவில்லை. ரயிலிலிருந்து இறங்கினால் சுற்றுவழியில் வீட்டுக்குப் போவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விகாரை வாசலில் மாட்டிக்கொண்டேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. இடது கையால் அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினார். ஆஸ்பத்திரியிலேயே அண்ணி அவருக்கு ஏற்படுத்திக்கொடுத்த பாஷை அது: ஒன்று என்றால் வேண்டாம், இரண்டு என்றால் சரி. அன்றைக்கு ஜீப்பின் பின்னால் படுத்துக்கொண்டு அவரும் அந்தத் தட்டுகளைக் கேட்டிருக்கிறார். அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியாது. உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன்.

போன வாரம் ஜீப் சாவியை ஒப்படைக்க விகாரைக்குப் போனபோது நீங்கள் அனுப்பிய படத்தை அவரிடம் காட்டினேன். யசோதா அக்காவும் இருந்தார். அண்ணன் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நாற்காலிக் கையில் ஒரு தட்டு.

"இன்னாண்ணா, வண்டி புடிக்கலியா?" என்று கேட்டேன்.

மறுபடியும் ஒரு தட்டு. விரலைப் படத்தின்மேல் வைத்தார். டிரைவர் சீட்டு.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுவும் தரையோட போல்ட்டுதான் போல கீது."

ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். லீவு போட்டுவிட்டு ஒரு புதன்கிழமை போங்கள். யசோதா அக்காவை முன்னால் உட்காரவையுங்கள். ரத்தினம் அண்ணனைப் பின்னால் படுக்கவையுங்கள். எங்கே கம்பி குத்துகிறது என்று அவருக்குத்தான் தெரியும். பிறகு நீங்கள் ஆறு பேரும் வண்டியை விட்டு இறங்கித் தள்ளி நின்றுகொள்ளுங்கள்.

உள்ளே இரும்பில் இரண்டு தட்டு கேட்டால் அந்த வண்டியை எடுங்கள்.